உட்காருவதற்குத்தான் நாற்காலி

எங்கள் பாண்டிச்சேரியில் ஒரு புதுப் பழக்கம் வந்திருக்கிறது. பழைய நாற்காலியின் இரண்டு கைகளுக்கும் குறுக்கே ஒரு கயிறோ நாடாவோ கட்டிவிடுகிறார்கள். அதில் யாரும் உட்காரக் கூடாதாம். அருங்காட்சியகத்தில் கட்டினால் சரி. டூப்ளே படுத்தது என்று சொல்லப்படும் கட்டில் ஒன்று அங்கே இருக்கிறது. அதில் யாரும் ஏறிப் படுக்க வேண்டாம். ஆனால் தங்கும் விடுதியிலும் காப்பிக் கடையிலும் ஏன், சொந்தக்காரர்கள் வீட்டுக் கூடத்திலும்கூட இந்த நாடாவைப் பார்க்கிறேன். பக்கத்திலேயே உட்காருவதற்கென்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடக்கும்.

இதைப் பார்க்கும்போது எனக்கு எரிச்சல் வருகிறது. ஏன் என்று எழுதிவிட்டால் கொஞ்சம் அடங்கும் என்று நினைத்துத்தான் இந்தக் கட்டுரை.

என் கட்சி இதுதான். பழைய மரச்சாமானை உட்கார, படுக்க, சாப்பிட, எழுதப் பயன்படுத்த வேண்டும். தினமும் பயன்படுத்தினால் கெட்டுப்போகுமே என்கிறவர்களுக்கு ஒரு பழைய வழி இருக்கிறது. நல்ல பருத்தித் துணியில், அளவெடுத்து, ஒழுங்காகத் தைத்த உறை. கழற்றலாம், துவைக்கலாம், திரும்ப மாட்டலாம். பிரெஞ்சில் இதற்கு 'ஊஸ்' என்று பெயர்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவள். கன்னியர்கள் நடத்திய பள்ளி. கணக்கு, வரலாறு, பூகோளம் எல்லாமே பிரெஞ்சில்தான். வாரத்தில் இரண்டு நாள் 'கூத்யூர்', அதாவது தையல் வகுப்பு. ஊசியில் நூல் கோக்கத் தெரியாதவள் வாழ்க்கையில் எதற்கும் உதவ மாட்டாள் என்பது எங்கள் தையல் மதாமின் கருத்து. பிறகு நான் அரசாங்கத்தில் எழுத்தராகச் சேர்ந்து, முப்பத்து நான்கு வருஷம் கோப்புகளோடு போராடி ஓய்வு பெற்றேன். கோப்பில் படித்ததில் பாதி மறந்துவிட்டது. தையல் மறக்கவில்லை.

எங்கள் வீடு தமிழர் பகுதியில், வைசியாள் வீதிக்குப் பக்கத்தில் இருந்தது. தெருவுக்குத் திண்ணை, உள்ளே முற்றம், முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம். ஒரு கூடம் மட்டும் பிரெஞ்சு மாதிரி. அதில் ஒரு 'கனப்பே', அதாவது மூன்று பேர் உட்காரும் மெத்தை வைத்த நீண்ட இருக்கை. அதற்கு ஜோடியாக இரண்டு 'ஃபொத்தேய்', கை வைத்த நாற்காலிகள். பிரம்பு பின்னிய ஆறு சாப்பாட்டு நாற்காலி. ஈட்டி மரத்தில் ஒரு வட்ட மேசை. ஒரு பெரிய தேக்கு அலமாரி. தாழ்வாரத்தில் அப்பாவின் சாய்வு நாற்காலி.

இதெல்லாம் பரம்பரைச் சொத்து என்று பெருமை அடித்துக்கொள்ள முடியாது. 1962 ஆகஸ்டில் பிரெஞ்சு இந்தியா சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள விரும்பியவர்களுக்கு அதற்கு வழி இருந்தது. அந்தச் சமயத்தில் ஊரை விட்டுக் கிளம்பிய குடும்பங்கள் பலர் வீட்டுச் சாமான்களை விற்றுவிட்டுப் போனார்கள். கப்பலில் கனப்பேயைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா? அப்பா வாங்கியது அப்படித்தான். மேசையும் நாற்காலிகளும் ஒரு வீட்டிலிருந்து, கனப்பே இன்னொரு வீட்டிலிருந்து.

"வெள்ளைக்காரன் விட்டுப்போன சாமானுக்கு என்ன இவ்வளவு உருக்கம்?" என்று கேட்பவர்கள் உண்டு. என் சிநேகிதி ஒருத்தி முகத்துக்கு நேராகவே கேட்டாள். நியாயமான கேள்விதான். பதில் அந்தச் சாமானிலேயே இருக்கிறது. நாற்காலியைக் கவிழ்த்துப் பாருங்கள். மரம் தேக்கு அல்லது ஈட்டி. பிரான்ஸில் ஓக்கும் வால்நட்டும் உண்டு, தேக்கு கிடையாது. உருவம் பிரான்ஸிலிருந்து வந்தது. செய்த கை உள்ளூர் ஆசாரியாரின் கை. மெத்தை இருக்க வேண்டிய இடத்தில் பிரம்புப் பின்னல் வந்ததும் நம் ஊர்ப் புழுக்கத்துக்காகத்தான். எங்கள் வட்ட மேசையின் காலில் செதுக்கியிருக்கும் இலை, பிரெஞ்சு இலையாக ஆரம்பித்து, கீழே வரவர நம் கோயில் தூணில் இருக்கும் கொடி போல ஆகிவிடும். செய்தவருக்குப் பழகிய கை அப்படி.

பேச்சிலும் அப்படித்தானே? மேசை, அலமாரி, சாவி, ஜன்னல் எல்லாம் போர்த்துக்கீசியரிடமிருந்து வந்தவை. பீரோ பிரெஞ்சுச் சொல். அவர்களுக்கு அது எழுதும் மேசை, நமக்குத் துணி வைக்கும் பெட்டி. சொல்லை எடுத்துக்கொண்டு நமக்கு வேண்டிய பொருளை அதற்குள் வைத்தோம். நாற்காலியையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டோம். அது நம்முடையது.

இனி உறை விஷயத்துக்கு வருகிறேன். உறை போடுவது கஞ்சத்தனம், விருந்தாளி வந்தால் கழற்றி மறைக்க வேண்டிய சங்கதி என்று பலர் நினைக்கிறார்கள். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அரண்மனைகளிலும் பிரபுக்கள் வீடுகளிலும் குளிர்காலத்துக்கு ஒரு துணி, கோடைக்கு வேறு துணி. திரையும் மாறும், நாற்காலியின் துணியும் மாறும். மெத்தைப் பகுதியைத் தனிச் சட்டமாகச் செய்து, கழற்றி மாட்டும்படி வைத்த நாற்காலிகளும் உண்டு. வீட்டுக்காரர் ஊரில் இல்லாதபோது எல்லாவற்றின் மேலும் உறை. இங்கிலாந்தில் சிப்பண்டேல் என்ற புகழ்பெற்ற மரச்சாமான் கலைஞர் பெரிய வீடுகளுக்கு நாற்காலி அனுப்பும்போது, கட்டம் போட்ட துணியில் தைத்த உறையையும் சேர்த்தே அனுப்பிக் கணக்கு எழுதியிருக்கிறார். பணம் இல்லாதவர்கள் செய்த காரியம் இல்லை அது. சாமானின் அருமை தெரிந்தவர்கள் செய்த காரியம்.

நமக்கு இதில் இன்னொரு பங்கும் இருக்கிறது. பிரான்ஸில் அந்தக் காலத்தில் மேனிக்கும் வீட்டுக்கும் எல்லோரும் ஆசைப்பட்ட துணி எது தெரியுமா? 'அந்தியேன்' என்று அவர்கள் அழைத்த இந்தியப் பருத்தி. பூப்போட்டு, சாயம் போகாமல், துவைக்கத் துவைக்கத் தெளியும் துணி. அதில் ஒரு பகுதி நம் சோழமண்டலக் கரையிலிருந்து போனது. அங்கே உள்ள பட்டு, கம்பளி நெசவாளர்களின் பிழைப்பு கெடுகிறது என்று 1686இல் பிரெஞ்சு அரசு அந்தத் துணிக்குத் தடை போட்டது. 1759இல்தான் தடை நீங்கியது. நடுவில் எழுபது வருஷத்துக்கு மேல் மக்கள் திருட்டுத்தனமாக வாங்கி உடுத்தினார்கள். 1742இல் கேர்து என்ற பிரெஞ்சுப் பாதிரியார், கடுக்காயும் எருமைப்பாலும் சேர்த்துத் துணியைப் பதப்படுத்துவதிலிருந்து சாயவேர் போட்டுச் சிவப்பு ஏற்றுவது வரை, நம் கரைச் சாயக்காரர்களின் தொழிலைப் படிப்படியாகக் கடிதமாக எழுதி ஊருக்கு அனுப்பினார். தடை நீங்கிய மறு வருஷமே, 1760இல், ஓபர்காம்ப் என்பவர் வெர்சாய் பக்கத்தில் ழூயி என்ற ஊரில் துணி அச்சுப் பட்டறை ஆரம்பித்தார். இன்றும் 'துவால் த ழூயி' என்று திரைக்கும் நாற்காலிக்கும் விலை கொடுத்து வாங்குகிறார்களே, அதன் பெயர் அங்கிருந்து வந்தது.

ஆக, நாற்காலிக்கு நல்ல பருத்தித் துணியைப் போர்த்துவதற்கு நாம் யாரிடமும் பாடம் கற்க வேண்டியதில்லை. துணி இங்கிருந்து போனது.

அப்படியிருந்தும் நம் வீடுகளில் என்ன நடக்கிறது? மூன்று விதமாகப் பார்க்கிறேன்.

முதலாவது, பிளாஸ்டிக். கடையிலிருந்து வந்த உறையைப் பிரிக்காமலேயே பத்து வருஷம் உட்காருகிற வீடுகள் உண்டு. நம் ஊர் மே மாதத்தில் அதன் மேல் உட்கார்ந்து எழுந்தால் புடவை முதுகோடு வந்துவிடும். மரத்துக்கும் அது நல்லதில்லை. ஈரம் உள்ளேயே நின்று பூஞ்சை பிடிக்கும். ரெக்ஸின் தைப்பதும் இதற்குத் தங்கைதான். வெடித்துத் தோல் உரிந்தபின் அதைப் பார்க்கச் சகிக்காது.

இரண்டாவது, டர்க்கித் துண்டு. சோபா முதுகில் துண்டு போடுவது அரசாங்க அலுவலகங்களில் அதிகாரியின் அடையாளம். வீட்டில் எதற்கு? உட்கார்ந்தால் நழுவும், எழுந்தால் சுருண்டு கிடக்கும். நாள் முழுக்க யாராவது ஒருவர் அதை இழுத்து விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அந்த யாராவது எப்போதும் வீட்டுப் பெண்தான்.

மூன்றாவது, கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் பாலிஷ். பழைய சாமான்களுக்கு அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, துணிப்பந்தால் மெல்ல மெல்லத் தேய்த்து ஏற்றுவார்கள். பிரெஞ்சு பாலிஷ் என்பது அதுதான். கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் திரும்பத் தேய்த்துச் சரிசெய்யலாம். இப்போது எல்லாவற்றையும் மெஷினில் சுரண்டி, நூறு வருஷத்து நிறத்தைத் தூளாக்கிக் கொட்டிவிட்டு, மேலே தடியாக ஒரு பூச்சு அடிக்கிறார்கள். நேற்றுச் செய்தது போல இருக்கிறது என்று சந்தோஷப்படுகிறார்கள். நேற்றுச் செய்தது போல வேண்டும் என்றால் நேற்றுச் செய்ததையே வாங்கியிருக்கலாமே.

அலுவலகத்தில் இதைவிட மோசமான ஒன்றைப் பார்த்திருக்கிறேன். 'கண்டம் செய்வது' என்று ஒரு சடங்கு உண்டு. வருஷா வருஷம் ஸ்டாக் ரிஜிஸ்டரைப் புரட்டி, எது உபயோகமற்றது என்று பட்டியல் போட்டு ஏலம் விடுவது. நான் வேலை பார்த்த இடங்களில் ஒன்றில், பிரெஞ்சுக் காலத்து எழுதும் மேசைகள் சில இருந்தன. பச்சைத் துணி ஒட்டிய மேற்பலகை, பித்தளைப் பூட்டு, இழுத்தால் எண்ணெய் போட்டது போல வழுக்கிக்கொண்டு வரும் இழுப்பறை. ஒரு மேசைக்குக் கால் ஆடியது. அவ்வளவுதான் குற்றம். இரும்பு மேசைகள் வந்திறங்கியதும் மொத்தமும் கண்டம். பட்டியலை எழுதியது நான்தான். கேட்டால் உத்தரவு. 'மர மேசை, பழையது' என்று எழுதச் சொன்னார்கள், அப்படியே எழுதினேன். ஏலம் எடுத்தவர் மேசையை வாங்கவில்லை, தேக்கு விலைக்கு மரத்தை வாங்கினார். இரும்பு மேசைகளோ கடல் காற்றில் நாலைந்து வருஷத்தில் துரு ஏறிக் கத்த ஆரம்பித்தன.

இவ்வளவு நீளமாகப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன் எங்கள் வீட்டை விற்க வேண்டிவந்தது. அண்ணன் போனபிறகு அண்ணியால் அவ்வளவு பெரிய வீட்டைக் கட்டிக் காக்க முடியவில்லை. ஓடு மாற்ற வேண்டும், மெட்ராஸ் டெரஸ் ஒழுகுகிறது, பிள்ளைகள் எல்லாம் பிரான்ஸில். பங்கு பிரித்துக்கொள்வது என்று முடிவாயிற்று. வீட்டைப் பற்றி யாரும் சண்டை போடவில்லை. சாமானைப் பற்றித்தான் பேச்சு தடித்தது.

ஒரு வியாபாரி வந்தார். கூடத்தில் நின்றபடியே எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு விலை சொன்னார். நல்ல விலைதான், குறை சொல்ல மாட்டேன். காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவில் செட்டிநாட்டு வீடுகளின் தூணும் கதவும் பீங்கானும் வரிசையாக நிற்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எங்கள் கனப்பேயும் அப்படி எங்கேயோ போய் நிற்கும். யாராவது ஒரு விடுதிக்காரர் வாங்கி, நாடா கட்டிவிடுவார்.

அண்ணன் மகன் தூலூஸிலிருந்து வந்திருந்தான். "அத்தை, உங்களுக்குப் பிடிக்கும்னு தெரியும். ஆனா இதையெல்லாம் எங்க வெச்சுக்கறது? என் வீட்டுக் கூடமே இந்த அலமாரி அளவுதான்," என்றான். அவன் சொன்னதிலும் உண்மை இருந்தது. என் மகள் மட்டும், வட்ட மேசையைக் கப்பலில் அனுப்ப முடியுமா என்று கேட்டாள். அப்போதுதான் விசாரித்தேன். 1972ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி, நூறு வருஷத்துக்குக் குறையாத கலைப்பொருள், கைவினைப் பொருள்களை நாம் நாட்டை விட்டு வெளியே அனுப்ப முடியாது. நூறு ஆகவில்லை என்றால், தொல்பொருள் இல்லை என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்றிதழ் வாங்க வேண்டும். வெளிநாட்டில் பிள்ளைகள் இருப்பவர்கள் இதை முதலில் விசாரித்துவிட்டு ஆசை காட்டுங்கள்.

கடைசியில் நான் ஒன்று சொன்னேன். "யார் எதில் தினமும் உட்காருவார்களோ அவர்கள் அதை எடுத்துக்கொள்ளட்டும். நினைவுக்காக என்று எதையும் யாரும் எடுக்க வேண்டாம்." அண்ணி உடனே ஒப்புக்கொண்டார்கள். அலமாரியை அதில் துணி வைக்கிற ஒன்றுவிட்ட தங்கை வாங்கிக்கொண்டாள். சாய்வு நாற்காலி அண்ணியிடம். சாப்பாட்டு நாற்காலியில் இரண்டு அண்ணன் மகனின் மாமனார் வீட்டுக்கு, நாலு எனக்கு. கனப்பேயும் ஒரு ஃபொத்தேயும் வட்ட மேசையும் இலாசுப்பேட்டையில் என் இரண்டு படுக்கையறை அடுக்ககத்துக்கு வந்தன. இன்னொரு ஃபொத்தேயும் மற்றச் சில்லறைச் சாமான்களும் வியாபாரியிடம் போயின. எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாது. பயன்படுத்துவதைக் காப்பாற்றலாம்.

"அந்தச் சின்ன வீட்டுக்குள் கனப்பேயா?" என்று சிரித்தார்கள். இருந்த பஞ்சு சோபாவைக் கொடுத்துவிட்டேன். அது தரையோடு தரையாக இருக்கும். உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு பேர் கை கொடுக்க வேண்டும். என் வயதுக்காரர்களுக்கு முழங்கால் கதை தெரியும். பழைய நாற்காலியின் இருக்கை தரையிலிருந்து பதினேழு, பதினெட்டு அங்குலம். கை உறுதியாக இருக்கும். ஊன்றி எழுந்துவிடலாம். முதுகு நிமிர்ந்து இருக்கும். அசௌகரியம் என்று இளையவர்கள் சொல்வது எங்களுக்குச் சௌகரியம்.

கனப்பேயின் மெத்தைத் துணி கிழிந்து, தேங்காய் நார் வெளியே தெரிந்தது. நாரை மாற்றி, புதுக் காடாத் துணி போட்டு ஆணியடிக்கச் செய்தேன். அது நிரந்தரம். அதன் மேல் உறை இரண்டு ஜோடி தைத்தேன். ஒன்று சலவையில் இருக்கும்போது ஒன்று மேலே. செய்முறையைக் கேட்டு மூன்று நான்கு பேர் எழுதியிருந்தார்கள், அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

துணி கைத்தறிப் பருத்தியாக இருக்கட்டும், கொஞ்சம் தடியாக. திரைக்கும் மெத்தைக்கும் என்றே கண்ணூரில் நெய்கிறார்கள். கரூர், சென்னிமலைப் பக்கமும் நல்ல துணி கிடைக்கும். பாலியஸ்டர் கலந்தது சுருங்காது, மடிப்பு விழாது, உண்மைதான். ஆனால் வேர்க்கும். எங்கள் கனப்பேயின் ஒரு உறைக்கு 54 அங்குல அகலத் துணி 11 மீட்டர் ஆயிற்று, ஃபொத்தேய்க்கு 6 மீட்டர். கட்டமோ கோடோ போட்டதென்றால் ஒரு மீட்டர் கூடுதலாக வாங்குங்கள், கட்டம் சேர்க்க வேண்டும்.

வெட்டுவதற்கு முன் துணியை ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்து, அலசி, காயவைத்து, இஸ்திரி போட வேண்டும். பருத்தி சுருங்கியே தீரும். தைத்தபின் சுருங்கினால் உறை கனப்பேயின் மேல் ஏறாது. இந்த ஒரு வேலையை விட்டுவிட்டுத் தையற்காரரைத் திட்டுகிறவர்கள் அதிகம்.

பிறகு ஒரு பழைய வேட்டியை நாற்காலியின் மேல் பின்பக்கம் வெளியே தெரியும்படி விரித்து, குண்டூசி குத்தி, நாற்காலியின் மேலேயே வெட்டி அளவு எடுங்கள். பள்ளியில் மதாம் இதை 'துவால்' என்பார்கள். டேப்பு மட்டும் வைத்து எடுத்த அளவு கைகளின் வளைவில் ஏமாற்றிவிடும். முதுகும் இருக்கையும் சேரும் இடத்தில் நாலு அங்குலம் துணியை அதிகமாக விட்டு உள்ளே செருக வேண்டும். உட்காரும்போது இழுபடுகிற இடம் அது. அங்கே துணி இல்லையென்றால் தையல் விட்டுவிடும்.

ஓரங்களில் பைப்பிங் வையுங்கள். அழகு மட்டும் காரணம் இல்லை, தேய்கிற ஓரம் முதலில் பைப்பிங்கில் தேயும், அதை மட்டும் மாற்றலாம். அந்தப் பட்டையைக் குறுக்காக வெட்ட வேண்டும், நேராக வெட்டினால் வளைவில் சுருக்கம் விழும். பின்பக்கம் மூட நாடா போதும். ஜிப் வேண்டாம் என்பேன், நம் ஊர் உப்புக்காற்றில் பிடித்துக்கொள்ளும். நாடாவைப் பாட்டியும் கட்டலாம், பேத்தியும் அவிழ்க்கலாம்.

மரக் கால்களை மூடாதீர்கள். தரை வரை குஞ்சம் தொங்கவிட்டால் நாற்காலி பாவாடை கட்டிய மாதிரி இருக்கும், உள்ளே தூசியும் கரையானும் என்ன செய்கின்றன என்று தெரியாது. செதுக்கு வேலை உள்ள இடம் வெளியே தெரியட்டும். பிரம்பு நாற்காலிக்கு முழு உறை தேவையில்லை. மெல்லிய இலவம்பஞ்சு மெத்தை ஒன்று, நாலு மூலையிலும் நாடா. பிரம்பு தொய்ந்துவிட்டதா? கவிழ்த்துப் போட்டு, வெந்நீரில் நனைத்த துணியால் அடிப்பக்கம் ஒற்றி, நிழலில் காயவிடுங்கள். அறுந்திருந்தால் ஒழிய, இழுத்துக்கொண்டு நிமிரும்.

வீட்டில் வைக்கும் விதம் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய சாமான் நிறைய இருந்தால் வீடு கடை ஆகிவிடும். ஒரு அறைக்கு ஒன்றோ இரண்டோ போதும். கருத்த மரத்துக்குப் பின்னால் வெள்ளைச் சுவர் இருந்தால் அதுவே அலங்காரம். நேர் வெயில் விழும் ஜன்னலோரம் வைக்காதீர்கள், மரம் வெடிக்கும், துணி வெளுக்கும். சுவரிலிருந்து நாலு விரல் தள்ளியே இருக்கட்டும். மாதம் ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள். மெல்லிய மரத்தூள் கொட்டியிருந்தால் வண்டு இருக்கிறது என்று அர்த்தம். என் வீட்டில் கோடைக்கு வெள்ளையில் நீலக் கட்டம், மழைக்காலத்துக்குச் செங்கல் நிறம். உறை மாற்றிய அன்று வீடே புதிதாகிவிடும். வெள்ளையடிக்கிற செலவு மிச்சம்.

செலவு ஆகாதா என்றால், ஆகும். நல்ல துணி, நல்ல தையல் இரண்டும் மலிவில்லை. ஆனால் மாதத் தவணையில் வாங்கிய மெத்தை சோபா ஏழெட்டு வருஷத்தில் பள்ளம் விழுந்து தெருவுக்கு வருகிறது. இந்தக் கனப்பே எனக்குத் தெரிந்தே அறுபது வருஷம் உழைத்திருக்கிறது, அதற்கு முன் எத்தனையோ. ஆணி இல்லாமல் மரத்துக்குள் மரம் கொளுவிய மூட்டு. தளர்ந்தால் கழற்றித் திரும்ப இறுக்கலாம்.

எனக்கு உண்மையில் பயம் சாமானைப் பற்றி இல்லை. எங்கள் நாற்காலிகளுக்குப் பிரம்பு பின்னியவருக்கு என் வயது இருக்கும். சட்டத்தைச் சுற்றியுள்ள ஒவ்வொரு ஓட்டையிலும் பிரம்பைக் கோத்து, நேர், குறுக்கு, மூலைவாட்டு என்று ஒரு இருக்கைக்கு இரண்டு நாள் உட்காருவார். மகன் வேறு வேலைக்குப் போய்விட்டான். "உக்காந்தாத்தானேம்மா பிரம்பு அறுவும்? இப்ப யாரு உக்காருறாங்க?" என்றார். இதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்ல முடியாது. நாடா கட்டிய நாற்காலிக்குப் பிரம்புக்காரர் தேவையில்லை, தையற்காரர் தேவையில்லை, பாலிஷ் தேய்ப்பவர் தேவையில்லை. நாற்காலி மட்டும் பத்திரமாக இருக்கும். அதைச் சரிசெய்யத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்விடுவார்கள். பிறகு ஒருநாள் உண்மையிலேயே அதில் உட்கார முடியாமல் போகும்.

இப்போது என் பேரன் கனப்பேயில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு செல்போன் பார்க்கிறான். மாம்பழச் சாறு சிந்துகிறான். அவன் அம்மா பதறுகிறாள். "விடு, ஆயாகிட்ட இன்னொரு உறை இருக்கு," என்று அவனே சமாதானம் சொல்கிறான். உறை இருப்பதால்தான் அவனை நான் அதட்டாமல் இருக்க முடிகிறது. அதட்டாமல் இருப்பதால்தான் அவன் அதில் உட்காருகிறான். நாளைக்கு இது வேண்டுமா என்று யாராவது அவனைக் கேட்டால், வேண்டும் என்று சொல்ல அவனுக்கு ஒரு காரணம் இருக்கும்.

உங்கள் வீட்டில் பரணிலோ, கொல்லைப்புறத்திலோ ஒரு பழைய நாற்காலி கிடந்தால், இந்த வாரம் அதை இறக்கித் துடையுங்கள். கால் ஆடினால் ஆசாரியாரைக் கூப்பிடுங்கள். ஆறு மீட்டர் துணி வாங்கி ஊறவையுங்கள். எங்கிருந்து வந்தது, யார் வாங்கியது, எந்த வருஷம் பழுது பார்த்தது என்று ஒரு காகிதத்தில் எழுதி இருக்கையின் அடியில் ஒட்டிவையுங்கள். எழுத்தர் புத்தி, மன்னியுங்கள். ஆனால் ரிஜிஸ்டரில் 'மர நாற்காலி, பழையது' என்று மட்டும் எழுதியிருந்தால் அடுத்து வருகிறவர் கண்டம் செய்துவிடுவார் என்பது எனக்கு அனுபவத்தில் தெரியும்.